சுவாதீன போக்கிய ஒத்தி: 1968-ல் வைத்த நிலம் இன்று யாருடையது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். கல்யாணமாகி இப்போது திருப்பூரில் இருக்கிறேன். போன வருஷம் அப்பத்தா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, சார்பதிவாளர் அலுவலக முத்திரை போட்ட ஒரு பழைய நகல் கிடைத்தது. தலைப்பு 'சுவாதீன போக்கிய ஒத்திப் பத்திரம்'. 1968-ல் எங்கள் தாத்தா 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சையை ஊரில் இன்னொருவருக்கு ரூ.2,500-க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 'அவதி வருஷம் 5. மேற்படி அவதி கழிந்து எந்த வருஷத்துப் பங்குனி மாதக் கடைசியிலாவது மேற்படி ஒத்தித் தொகையைச் செலுத்தி நிலத்தை மீட்டுக்கொள்ளக் கடவேன். அதுவரை வட்டிக்குப் பலனாகத் தாங்களே பயிரிட்டு அனுபவித்து வர வேண்டியது' என்று இருக்கிறது. இப்போது அவருடைய பேரன்தான் உழுகிறார். கேட்டால், "அம்பது வருஷம் தாண்டிருச்சு, பட்டாவும் எங்க பேர்லதான் இருக்கு, போர் போட்டு மோட்டார் இறக்கியிருக்கோம், இனி என்ன ஒத்தி?" என்கிறார். எங்கள் சித்தப்பாவே, "முப்பது வருஷத்துல ஒத்தி முறிஞ்சுபோகும்மா, விடு" என்கிறார். இந்த வார்த்தைகளுக்கு என்னதான் பொருள்? எங்கிருந்து வந்தவை? நிலம் போயே போய்விட்டதா? இன்னொன்று, என் தங்கை மதுரை வில்லாபுரத்தில் ஒத்திக்கு வீடு எடுத்துக் குடியிருக்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய வாசகம்தான் பத்திரத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வேறு பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை என்றால், நிலம் இன்றும் உங்கள் தாத்தாவின் வாரிசுகளுடையதுதான். ரூ.2,500-ஐக் கொடுத்து மீட்கலாம். ஆனால் அந்த 'என்றால்' சின்னதல்ல, அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். முதலில் வார்த்தைகளைப் பார்ப்போம். உங்கள் உரிமை முழுவதும் அந்தத் தலைப்புக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒத்தி என்பது ஒற்றி. காற்று காத்தானது போல, நேற்று நேத்தானது போல, பேச்சில் ஒத்தியாகி, அப்புறம் பத்திரத்திலும் அப்படியே ஏறிவிட்டது. பழைய சொல். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் நிலத்தை ஒற்றி வைத்த செய்தி வருகிறது. ஒற்றிப் பத்திரத்துக்கு 'ஒற்றிக்கலம்' என்று தனிப் பெயரே உண்டு. மலையாளத்திலும் இதே 'ஒற்றி'தான். பணத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சொத்தைக் கடன் கொடுத்தவர் கையில் ஒப்படைப்பது ஒற்றி. வெறும் அடமானத்தில் சொத்து நம்மிடமே இருக்கும், பத்திரம் மட்டும் கடன் கொடுத்தவருக்குப் போகும், மாதாமாதம் வட்டி கட்டுவோம். ஒற்றியில் நிலமே போய்விடும், வட்டி என்ற பேச்சே கிடையாது.

போக்கியம் வடமொழிச் சொல். போகம் என்றால் அனுபவிப்பது, போக்கியம் என்றால் அனுபவிக்கத் தக்கது. இதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரியாறு பிரதான கால்வாய்த் தண்ணீரில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று சின்னப் பையன்கூடச் சொல்வான். அந்தப் போகம்தான் இந்தப் போக்கியத்துக்குள்ளும் இருக்கிறது. நிலத்தின் விளைச்சலை இன்னொருவர் அனுபவிக்க விட்டுக்கொடுக்கிறேன் என்பதுதான் இதன் பொருள். நிலத்தையே கொடுக்கிறேன் என்று அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் இல்லை.

சுவாதீனம் என்றால் கைவசம், நேரடி அனுபவம். அதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒத்தி என்று எழுதினாலே சுவாதீனமும் போக்கியமும் அதில் அடங்கிவிடும். ஆனாலும் பத்திர எழுத்தர்களுக்கு ஒரு சொல்லோடு மனசு நிறையாது. நாளைக்கு எவனாவது ஓட்டை கண்டுபிடித்துவிடுவான் என்று தமிழில் ஒன்று, வடமொழியில் ஒன்று என்று அடுக்குவார்கள். உங்கள் விஷயத்தில் அந்த அடுக்கு நல்லதாகப் போயிற்று. மூன்று சொல்லும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பழைய தர்மசாஸ்திரங்களே ஈட்டை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒன்று கோப்யம், அதாவது வாங்கி வைத்தவர் தொடாமல் காத்து வைக்க வேண்டியது. இன்னொன்று போக்யம், வாங்கி வைத்தவரே அனுபவித்துக்கொள்ளக் கூடியது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. சாதாரண ஈடு என்றால், கடன் வளர்ந்து இரண்டு மடங்கான பிறகும் மீட்காவிட்டால் அது போய்விடும், கெடு வைத்த ஈடு என்றால் கெடு தப்பியதும் போய்விடும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில், 'பலபோக்யோ ந நச்யதி' என்று முடிக்கிறது. பலனை அனுபவிக்கும்படி வைத்த ஈடு அழிவதில்லை. அடகுக் கடையில் நகை மூழ்கிப்போவது நமக்குத் தெரியும். போக்கியம் வைத்த நிலம் மூழ்காது. காரணமும் நியாயமானதுதான். நகையைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்கு அதனால் வருமானம் கிடையாது, வட்டி ஏறிக்கொண்டே போகும். நிலத்தை வைத்திருப்பவருக்கு வருஷா வருஷம் களத்திலேயே வட்டி வந்துவிடுகிறது. கடன் வளரவே இல்லை. வளராத கடனுக்காகச் சொத்து ஏன் மூழ்க வேண்டும்?

1882-ல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் இந்த வழக்கத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. ஊரில் இருந்ததைப் பார்த்து வகைப்படுத்தி, 58-ஆம் பிரிவில் அடமானங்களில் ஒரு வகையாகச் சேர்த்தது. கடன் தீரும்வரை சொத்தைக் கைவசம் வைத்துக்கொண்டு, அதன் வருமானத்தை வட்டிக்கோ, முதலுக்கோ, இரண்டுக்குமோ எடுத்துக்கொள்வது என்பது அதன் சாரம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் 'வட்டிக்குப் பலனாக' என்று இருக்கிறது. ஆகவே முதல் ரூ.2,500 அப்படியே நிற்கும், அதைக் கட்ட வேண்டும். 'முதலுக்கும் வட்டிக்கும் பலனாக' என்று எழுதியிருந்தால், விளைச்சலிலேயே முதலும் கழிந்து, பைசா கொடுக்காமல் நிலத்தைத் திரும்பக் கேட்க இடமிருந்திருக்கும். நகலை ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்தே படியுங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தில் 'முதலுக்கும்' என்பது கண்ணுக்குத் தப்பிப்போகக்கூடிய வார்த்தை.

இனி உங்கள் சித்தப்பா சொல்லும் முப்பது வருஷம். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 1908-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் அடமானத்தை மீட்க 60 வருஷம் கெடு இருந்தது. 1963-ஆம் வருஷத்துச் சட்டம் அதை 30 ஆக்கியது. ஒத்திப் பத்திரத்தின் தேதியிலிருந்தோ, அவதி (பத்திரத்தில் குறித்த தவணைக் காலம்) முடிந்த நாளிலிருந்தோ அந்த 30-ஐ எண்ணி, கெடு தாண்டிவிட்டது என்று பல வழக்குகள் தோற்றிருக்கின்றன. அப்படித் தோற்றவர்கள் ஊருக்கு வந்து சொன்னதுதான் 'முப்பது வருஷத்தில் ஒத்தி முறியும்' என்ற பேச்சு.

ஆனால் 2014-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைத் திருத்திவிட்டது. ஹரியானாவிலிருந்து போன வழக்கு, சிங் ராம் எதிர் ஷியோ ராம் என்று பெயர். மற்ற அடமானம் வேறு, போக்கிய அடமானம் வேறு என்று அதில் பிரித்துச் சொன்னார்கள். போக்கிய அடமானத்தில், பத்திரம் எழுதி 30 வருஷம் ஆகிவிட்டது என்பதாலேயே மீட்கும் உரிமை போய்விடாது. கடன் தொகை விளைச்சலில் கழிந்த பிறகோ, மீட்பவர் அதைக் கொடுத்த பிறகோ, கோர்ட்டில் கட்டிய பிறகோதான் கெடுவே ஓட ஆரம்பிக்கும். நீங்கள் இன்னும் கட்டவில்லை, ஆகவே கடிகாரம் இன்னும் ஓடவில்லை. யாக்ஞவல்கியர் ஒரு வரியில் சொன்ன இடத்துக்கு நம் சட்டம் அப்பீல் மேல் அப்பீல் போய் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முப்பது வருஷத்துக்கு நேர் எதிரான இன்னொரு கதையும் நம் மாகாணத்திலேயே உண்டு. 1938-ல் ராஜாஜியின் அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் 1948-ல் ஒத்திக்கென்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒத்திக்காரர், அதாவது நிலத்தை ஒத்திக்கு வாங்கியவர், 30 வருஷம் அதை அனுபவித்துவிட்டால் கடன் தீர்ந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் போக்கு. அதாவது அதே முப்பது, ஆனால் ஒத்தி வைத்தவருக்குச் சாதகமாக. அது 1947-க்கு முந்தைய ஒத்திகளுக்கு, உங்கள் பத்திரத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. 1970-களின் பிற்பகுதியிலும் 80-ஐ ஒட்டியும் வந்த கடன் நிவாரணச் சட்டங்களை மட்டும் உங்கள் வக்கீல் ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும். தாத்தா சிறு விவசாயி என்று காட்ட முடிந்தால் ரூ.2,500-கூடக் கட்ட வேண்டாம் என்று வாதாட வழி கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். அந்தத் தொகையைக் கட்டுவது இன்றைக்கு யாருக்கும் பாரமில்லை.

சரி, அந்த 'என்றால்' விஷயத்துக்கு வருகிறேன். பத்திரத் தலைப்பில் ஒத்தி என்று இருப்பதால் மட்டும் கோர்ட் அதைச் சுத்த ஒத்தி என்று எடுத்துக்கொள்ளாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கும். 'இன்ன தேதிக்குள் தொகையைத் திருப்பித் தருகிறேன், தவறினால் என் மீதும் சொத்தின் மீதும் நடவடிக்கை எடுத்து வசூலித்துக்கொள்ளவும்' என்பது போல ஒரு வரி எங்கேயாவது இருந்தால், அது ஒத்தியும் சாதாரண அடமானமும் கலந்த பத்திரம் ஆகிவிடும். அப்போது 2014-ஆம் வருஷத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது, 30 வருஷக் கணக்கு மறுபடி உயிர் பெறும். நீங்கள் அனுப்பிய பகுதியில் அப்படி ஒன்றும் இல்லை. 'எந்த வருஷத்துப் பங்குனி மாதக் கடைசியிலாவது' என்ற சொற்கள் உங்களுக்குப் பெரிய பலம். மீட்பதற்குக் கடைசித் தேதி எதையும் தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை, அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் மாதத்தை மட்டும் குறித்திருக்கிறார். ஆனாலும் நகலின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொரு வகை வரியும் பழைய பத்திரங்களில் வரும்: 'அவதிக்குள் மீட்கத் தவறினால் இதையே சுத்தக் கிரயமாகப் பாவித்து அனுபவித்துக்கொள்ளவும்.' இதைப் பார்த்ததும் பாதிப் பேர் பயந்து பத்திரத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். ஒரு தடவை அடமானம் என்றால் எப்போதும் அடமானம்தான், மீட்கும் உரிமையைப் பத்திரத்திலேயே கட்டிப்போட முடியாது என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. கடன் கேட்டு நிற்பவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான் என்று சட்டத்துக்குத் தெரியும்.

உண்மையான கிரயப் பத்திரம் எப்படி இருக்கும் என்று உங்கள் ஊரிலேயே யாரிடமாவது ஒன்றை வாங்கிப் பாருங்கள். 'இன்று முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்' என்று வரும். மகன், பேரன் என்று வழிவழியாக, தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க எல்லாவற்றுக்கும் உரிமை என்று அர்த்தம். இன்னும் பழைய பத்திரமாக இருந்தால் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று ஆரம்பித்து எட்டுப் போகங்களையும் எண்ணி, அஷ்டபோகமும் உனக்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். புதையல், தண்ணீர், கல், இனி வரப்போகும் வருமானம் என்று நிலத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ள அத்தனையும். உங்கள் தாத்தா எழுதிய பத்திரத்தில் இதெல்லாம் எதுவும் இல்லை. எட்டுப் போகத்தில் பயிர் போகத்தை மட்டும் கொடுத்து, அதையும் 'அதுவரை' என்ற ஒரு சொல்லால் கட்டியிருக்கிறார்.

பட்டா அவர்கள் பேரில் இருக்கிறதே என்கிறீர்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அதுவே உடைமைப் பத்திரம் ஆகிவிடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1980-களில் யூ.டி.ஆர். என்று நிலக் கணக்குகளைப் புதுப்பித்தபோது, வயலில் யார் நின்றார்களோ அவர்கள் பேரே ஏறிப்போன சம்பவங்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். தாத்தாவோ அப்பாவோ அப்போது ஆட்சேபம் சொல்லாமல் இருந்தது ஒரு குறைதான், ஆனால் உரிமையைப் பறிக்கும் குறை இல்லை. தாலுகா அலுவலகத்தில் பழைய அ-பதிவேட்டின் (சர்வே எண் வாரியான நிலக் கணக்கு) நகலையும் யூ.டி.ஆருக்கு முந்தைய பட்டா விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் தாத்தா பெயர் இருந்தால் அது உங்களுக்கு ஒரு நல்ல சாட்சி.

'ஐம்பது வருஷமாக நாங்கள்தான் உழுகிறோம்' என்பதும் அப்படித்தான். அடுத்தவர் நிலத்தை நெடுங்காலம் தன்னுடையதாகவே அனுபவித்தவர் உரிமை கேட்கும் 'எதிரிடை அனுபவம்' என்று ஒன்று சட்டத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அனுமதித்து உள்ளே வந்தவர், அந்த அனுமதியின் பேரில் இருந்துகொண்டே உங்களுக்கு எதிராக உரிமை கொண்டாட முடியாது. ஒத்திக்காரர் உள்ளே வந்ததே உங்கள் தாத்தா எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

போர் போட்ட செலவைப் பற்றி: ஒத்திக்காரர் தன் வசதிக்காகச் செய்த மேம்பாட்டுக்கு நீங்கள் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. சொத்து அழியாமல் இருக்கவோ, அரசு உத்தரவின்படியோ செய்த செலவு என்றால் மட்டுமே அந்தக் கேள்வி எழும். கால்வாய்ப் பாசன நஞ்சையில் போர் போட்டது அந்த வகையில் வருவது கஷ்டம். ஆனாலும் இதில் கறாராக நிற்காதீர்கள் என்பதே என் யோசனை. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது நீங்கள் அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 1968 முதல் இன்றுவரைக்கும் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். ஆன்லைனில் பழைய வருஷங்கள் முழுமையாகக் கிடைக்காமல் போகலாம். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை நகலில் இருக்கிறதோ அங்கே மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அந்தச் சான்றில் எனக்குப் பயம் தரக்கூடியவை இரண்டு.

ஒன்று, உங்கள் தாத்தாவோ அப்பாவோ பிற்பாடு அதே ஒத்திக்காரருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்திருப்பது. நம் பக்கம் ரொம்ப சகஜம் இது. மகள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ மேற்கொண்டு பணம் தேவைப்படும். ஒத்தித் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு, நிலத்தை எடுத்துக்கொள் என்று முடித்திருப்பார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு பத்திரம் இருந்தால் ஒத்தி அதோடு முடிந்தது, நான் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது. முழுக் கிரயம் இல்லாமல், அதே நிலத்தின் மேல் கூடுதலாகக் கடன் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

இரண்டு, ஒத்திக்காரர் குடும்பம் நிலத்தைத் தங்கள் சொந்தம் என்று சொல்லி மூன்றாவது ஆளுக்கு விற்றிருப்பது. பேரன்தான் உழுகிறார் என்பதால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் ஒரு பகுதியை விற்றிருக்கலாம். இங்கே சட்டம் வேறு மாதிரிப் போகும். அடமானம் பிடித்தவர் சொத்தை விலைக்கு விற்றுவிட்டால், விற்ற விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 வருஷம்தான் கெடு. வில்லங்கச் சான்று வாங்கிய தேதியே 'தெரியவந்த நாள்' என்று நாளைக்கு எதிர்த் தரப்பு காட்டும். அதைவிட முன்னாலேயே உங்கள் அப்பாவுக்குத் தெரியும் என்று சாட்சியும் கொண்டுவரலாம். ஆகவே அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று தள்ளாமல் வக்கீலைப் பாருங்கள்.

இரண்டும் இல்லை, சான்று சுத்தமாக இருக்கிறது என்றால் வழி நேரானது. முதலில் வாரிசுச் சான்று வாங்கி, தாத்தாவின் வாரிசுகள் யார் யார் என்று வரிசைப்படுத்துங்கள். உங்கள் பங்குக்கு மட்டும் பாதி நிலத்தை மீட்கிறேன் என்று சொல்ல முடியாது. ஒருவரே முன்வந்து முழுத் தொகையையும் கட்டி முழு நிலத்தையும் மீட்கலாம், மற்றவர்கள் பங்கைப் பிறகு தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். சித்தப்பாவைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. அவர் 'விடு' என்று சொன்னதை எதிர்த் தரப்பு சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது.

அப்புறம் ஒத்திக்காரரின் வாரிசுகள் எல்லாருக்கும் வக்கீல் மூலம் நோட்டீஸ்: தொகையைப் பெற்றுக்கொண்டு நிலத்தை ஒப்படைக்கவும், அசல் ஒத்திப் பத்திரத்தைத் திருப்பித் தரவும் என்று. அசல் எப்போதும் பணம் கொடுத்தவரிடம்தான் இருக்கும், உங்கள் பெட்டியில் நகல் இருப்பது சரியானதே. அசலே உங்கள் அப்பத்தாவிடம் இருந்திருந்தால், கடன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றே வாதாடியிருக்கலாம். அவர்கள் வாங்க மறுத்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி தொகையைக் கோர்ட்டிலேயே கட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் மீட்பு வழக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: தொகையைக் கட்டிய நாளிலிருந்து 30 வருஷக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

மொத்தம் ரூ.2,500 மட்டும்தானா, இன்றைய மதிப்புக்குக் கேட்க மாட்டார்களா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். சட்டப்படி அந்தத் தொகைதான். இருபோக நஞ்சையின் விளைச்சல் முழுவதையும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவர்கள்தானே எடுத்தார்கள், வட்டி அதில் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேரன் பிறந்ததிலிருந்து அதைத் தன் வயல் என்றே நினைத்து வளர்ந்தவர். அவருக்கு இது தாத்தா கொடுத்த கடன் இல்லை, தாத்தா விட்டுப்போன சொத்து. அவரைத் திருடன் மாதிரி பேசி ஆரம்பித்தால், கீழ்க் கோர்ட், அப்பீல், அப்புறம் மாட்டுத்தாவணி தாண்டி உலகனேரியில் ஹைகோர்ட் கிளை என்று உங்கள் பிள்ளைகள் காலம்வரை போகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், நோட்டீசுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்து ஒரு பேச்சு பேசுவேன். நிற்கிற பயிரை அவரே அறுத்துக்கொள்ளட்டும், மோட்டாருக்கும் போருக்கும் ஒரு நியாயமான தொகை கொடுக்கிறோம் என்று சொல்வேன். சட்டம் கொடுக்கச் சொல்லவில்லைதான், ஆனால் வழக்குச் செலவைவிட அது குறைவாகவே முடியும். பேச்சு முடிந்தால் வெள்ளைத் தாளில் எழுதி விட்டுவிடாதீர்கள். ஒத்தித் தொகையைப் பெற்றுக்கொண்டு நிலத்தை ஒப்படைத்ததாக அவர்கள் எழுதும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, பட்டா மாறுதலுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள். 1968-ஆம் வருஷப் பதிவு வில்லங்கத்தில் நிற்கும்வரை, நாளைக்கு நிலத்தை வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

உங்கள் தங்கை விஷயம். கொள்கை ஒன்றுதான். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையை அப்படியே திரும்ப வாங்குவது. வீட்டுக்காரருக்கு அந்தப் பணம் வட்டியில்லாக் கடன், குடியிருப்பவருக்கு வாடகையில்லா வீடு. மதுரையில் தெருவுக்குத் தெரு 'ஒத்திக்கு வீடு' என்று போர்டு தொங்குவதைப் பார்க்கலாம். தென் கொரியாவிலும் 'ஜோன்சே' என்று இதே ஏற்பாடு பெரிய அளவில் நடக்கிறது, அங்கேயும் பணம் திரும்பி வராமல் தவித்தவர்கள் உண்டு.

வித்தியாசம் காகிதத்தில்தான் இருக்கிறது. உங்கள் தாத்தா 1968-ல், ரூ.2,500-க்கு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பதிவு செய்திருக்கிறார். இன்று லட்சக்கணக்கில் வீட்டு ஒத்தி கொடுப்பவர்கள் வெறும் முத்திரைத்தாளில் 'அக்ரிமெண்ட்' எழுதி நோட்டரியிடம் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், பதிவுச் செலவை மிச்சம் பிடிக்கத்தான். அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இந்த வகை அடமானம் பதிவு செய்த பத்திரத்தில், இரண்டு சாட்சிகளோடு இருந்தால்தான் செல்லும். பதிவு இல்லை என்றால் உங்கள் தங்கைக்கு அந்த வீட்டின் மேல் பிடிமானமே கிடையாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும், சாதாரணமாகக் கடன் கொடுத்த ஒருவராகத்தான் கோர்ட் அவரைப் பார்க்கும், அதற்கும் பொதுவாக 3 வருஷம்தான் கெடு.

அதைவிட மோசமானது, வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானத்தில் இருப்பது. வீட்டுக்காரர் தவணை கட்டாததால் பேங்க் வீட்டை எடுக்க வரும்போது, முந்தைய அடமானம்தான் முன்னால் நிற்கும். அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் தாய்ப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். "பத்திரம் லாக்கர்ல இருக்கு" என்று பதில் வந்தால் எந்த பேங்கின் லாக்கர் என்பது அடுத்த கேள்வி. ஒத்திக் காலத்தைப் புதுப்பிக்கும்போதாவது முறையாகப் பதிவு செய்துகொள்ளட்டும், செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பதிவுக்கு வரவே மாட்டேன் என்றால், தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாடகைக்கு வேறு வீடு பார்ப்பது நல்லது. அதுவரை, பணம் கொடுத்த பேங்க் கணக்கு விவரம், அக்ரிமெண்ட், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.